காலி மைதானத்தின் கணக்கு: கொரோனா காலத்தில் கால்பந்து கிளப்புகளின் பணம் எங்கே நின்றுபோனது?

மான்செஸ்டர் யுனைடெட்டின் ஆண்டறிக்கைகளில் ஒரே ஒரு வரியை மூன்று வருடங்களுக்கு எடுத்துப் பாருங்கள். ஆட்ட நாள் வருமானம் 2018-19இல் 11.08 கோடி பவுண்டு. 2019-20இல் 8.98 கோடி. 2020-21இல் 71 லட்சம். பெரிய மைதானத்தின் கதவை ஒரு சீசன் முழுக்கச் சாத்தி வைத்தால் என்ன ஆகும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஆனாலும் யுனைடெட் விழவில்லை. மான்செஸ்டரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் இரண்டாம் நிலை கிளப்பான விகன் அத்லெட்டிக்தான் 2020 ஜூலை 1 அன்று கடன்காரர்களைச் சமாளிக்க முடியாமல், திவால் நிலையில் நியமிக்கப்படும் நிர்வாகிகள் கைக்குப் போனது. பவுண்டு கணக்கில் பார்த்தால் விகன் இழந்தது யுனைடெட் இழந்ததில் சிறு துளிதான்.

கொரோனா காலத்துக் கால்பந்து நிதியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "எந்த கிளப்புக்கு எவ்வளவு நட்டம்" என்ற பட்டியலோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பட்டியல் பாதி உண்மைதான் சொல்லும். நட்டம் என்பது வருடக் கடைசியில் தாளில் எழுதுவது. கிளப்பைச் சாய்ப்பது சம்பள நாளன்று வங்கிக் கணக்கில் பணம் இல்லாமல் போவது. ஆகவே மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். பணம் எந்தத் தேதியில் வர வேண்டியிருந்தது? எந்தத் தேதியில் போக வேண்டியிருந்தது? வர வேண்டிய பணத்தை ஏற்கனவே செலவழித்துவிட்டார்களா? மூன்றாவது கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் சொன்ன கிளப்புகள்தான் அதிகம் திணறின.

முதலில் வரவு. ஐரோப்பாவின் முதல்நிலை லீக் கிளப்புகள் 2019-20, 2020-21 என்ற இரண்டு சீசன்களில் இழந்த வருமானம் சுமார் 700 கோடி யூரோ என்று ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபா கணக்கிட்டது. அதில் சுமார் 440 கோடி கேட் வசூல். சுமார் 170 கோடி விளம்பரதாரர், வணிக வருமானம். டிவி பணம் 90 கோடிதான். சாதாரண வருடத்தில் ஐந்து பெரிய லீக்குகளிலும் டிவிதான் மிகப் பெரிய வரவு. அதில் இழப்பு இவ்வளவு சிறிதாக நின்றதற்குக் காரணம், காலி மைதானத்திலாவது ஆடி முடித்தார்கள் என்பதே.

கேட் வசூல் என்றால் அன்றன்றைக்கு கவுண்டரில் விற்கும் டிக்கெட் என்று நினைத்துவிடக் கூடாது. அதன் முதுகெலும்பு சீசன் டிக்கெட். பழைய சீசன் முடியும் வசந்தத்திலேயே அடுத்த சீசனுக்குப் புதுப்பிக்கச் சொல்லி, ஆகஸ்டுக்குள் பணத்தை வாங்கிவிடுவார்கள். இங்கிலாந்தின் முதல்நிலையான பிரீமியர் லீக்கில் 19 சொந்த மைதான ஆட்டங்கள். வாங்கிய பணம் அப்போதே வருமானம் ஆகிவிடாது. ஒவ்வொரு ஆட்டம் முடியும்போதும் 19இல் ஒரு பங்கு வருமானமாக மாறும். மீதி, ரசிகருக்குக் கிளப் தர வேண்டிய பாக்கியாகக் கணக்குப் புத்தகத்தில் நிற்கும். ஆனால் ரொக்கம் அப்படி நிற்பதில்லை. கோடை மாதங்களின் சம்பளத்துக்கும், புது வீரருக்கான முதல் தவணைக்கும் அது கரைந்திருக்கும்.

2020 மார்ச் 13 அன்று பிரீமியர் லீக் நிறுத்தப்பட்டபோது ஒவ்வொரு கிளப்புக்கும் ஒன்பது அல்லது பத்து ஆட்டங்கள் மீதி. அவற்றில் பெரும்பாலும் நான்கைந்து சொந்த மைதானத்தில். அந்த நான்கைந்துக்கான பணத்தைத் திருப்பித் தர வேண்டும். கையில் அந்தப் பணம் இல்லை. பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது அடுத்த சீசனில் கழித்துக்கொள்கிறோம், அல்லது கிளப்புக்கே விட்டுக்கொடுங்கள் என்று கிளப்புகள் ரசிகரிடம் கேட்டன. ஊர் கிளப்புகளில் விட்டுக்கொடுத்தவர்கள் ஏராளம். சிறிய கிளப்புகளை அந்த வசந்தத்தில் தாங்கிப் பிடித்தவர்களில் அந்த ரசிகர்களை முதலில் சொல்ல வேண்டும்.

இன்னும் பெரிய அடி அதற்குப் பிறகு வந்தது. 2020 கோடையில் புது சீசன் டிக்கெட்டை விற்க முடியவில்லை. மைதானம் எப்போது திறக்கும் என்று தெரியாமல் எதை விற்பது? வருடத்தின் மிகப் பெரிய ரொக்க வரவுகளில் ஒன்று அந்தக் கோடையில் வரவே இல்லை.

லண்டன் கிளப்பான டோட்டன்ஹாமை எடுத்துக்கொள்ளுங்கள். 62,850 இருக்கைகள் கொண்ட புது மைதானம் 2019 ஏப்ரலில்தான் திறந்தது. கட்டுமானத்துக்கு வாங்கிய கடன் 60 கோடி பவுண்டுக்கு மேல். உணவகங்கள், விருந்தினர் அறைகள், அமெரிக்கக் கால்பந்து, இசை நிகழ்ச்சிகள் என்று ஆட்ட நாள் வருமானத்தையே நம்பித் தீட்டிய திட்டம் அது. 2019-20இல் 9.45 கோடி பவுண்டாக இருந்த ஆட்ட வசூல் 2020-21இல் 19 லட்சமாக இறங்கியது. மைதானம் எவ்வளவு நவீனமோ, காலியாகக் கிடக்கும்போது அவ்வளவு பாரம். பராமரிப்பு, புல்தரை, பாதுகாப்பு, வட்டி, இவற்றில் எதுவும் ஆள் வரவில்லை என்று குறைவதில்லை.

2020 ஜூனில் பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியின் கொரோனா கால நிறுவனக் கடன் திட்டத்தில் அந்த கிளப் 17.5 கோடி பவுண்டு எடுத்தது. வட்டி 0.5 சதவீதம். 2021 ஜனவரியில் ஆர்செனல் அதே திட்டத்தில் 12 கோடி எடுத்தது. அந்தக் கடனை வீரர் வாங்கச் செலவழிக்கப் போகிறார்கள் என்று அப்போது நிறையப் பேர் கோபப்பட்டார்கள். அது குறுகிய காலக் கடன், சில மாதங்களிலேயே திருப்பிக் கட்ட வேண்டியது. சீசன் டிக்கெட் பணம் வராத கோடையை அடைக்கும் மண்மூட்டை என்று பார்ப்பதே சரி.

டிவி பணம் வேறு விதமாக வேலை செய்யும். ஒளிபரப்பு நிறுவனம் லீக்குக்குத் தவணையாகக் கொடுக்கும். லீக் கிளப்புகளுக்குப் பிரித்துத் தரும். ஆட்டம் நடக்காவிட்டால் தவணை நிற்கும், கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்பார்கள். இதனால்தான் ஐரோப்பாவின் பெரிய லீக்குகளில் ஜெர்மனி எல்லோரையும் முந்திக்கொண்டு 2020 மே 16 அன்று மறுபடி தொடங்கியது. மைதானத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, மொத்தம் சுமார் 300 பேரை மட்டும் அனுமதித்து, வீரர்களுக்கு அடிக்கடி பரிசோதனை செய்து ஆடினார்கள். டார்ட்மண்டில் வழக்கமாக எண்பதாயிரம் பேர் நிறையும் மைதானத்தில் ஷால்க்கேக்கு எதிரான உள்ளூர்ப் போட்டி நடந்தபோது பந்து உதைபடும் சத்தம் தொலைக்காட்சியில் தனித்துக் கேட்டது.

அந்த அவசரத்தின் பின்னால் இருந்த கணக்கு எளிது. அந்த சீசனின் கடைசித் தவணையாக வர வேண்டியது சுமார் 30 கோடி யூரோ. பல கிளப்புகள் அந்தத் தவணையை வங்கியிடமோ நிதி நிறுவனத்திடமோ அடகு வைத்து முன்பே வாங்கிச் செலவழித்திருந்தன. ஆட்டம் நடக்காமல் போனால் தவணையும் வராது, அதன் மேல் வாங்கிய கடனும் தலைமேல் விழும். முதல் இரண்டு நிலைகளின் 36 கிளப்புகளில் 13 திவால் ஆபத்தில் இருப்பதாக அப்போது ஜெர்மன் விளையாட்டுப் பத்திரிகை எழுதியது. பேயர்ன், டார்ட்மண்ட், லைப்சிக், லெவர்குசன் நான்கும் சேர்ந்து 2 கோடி யூரோ உதவி நிதி ஒதுக்கின. அதில் 1.25 கோடி தங்களுக்கு வர வேண்டிய டிவி பணத்தை விட்டுக்கொடுத்தது, மீதி 75 லட்சம் சொந்தக் கையிலிருந்து.

பிரான்ஸ் எதிர்த் திசையில் போனது. 28 சுற்றுகள் முடிந்திருந்த நிலையில் 2020 ஏப்ரல் 28 அன்று பிரதமர் எதுவார் பிலிப் சீசனைத் தொடர முடியாது என்று அறிவித்தார். இரண்டு நாள் கழித்து லீக் அதை முறைப்படி முடித்து வைத்தது. அதற்கு முன்பே ஒளிபரப்பு நிறுவனமான கனால் பிளஸ் 11 கோடி யூரோ தவணையைக் கொடுக்காமல் நிறுத்தியிருந்தது. கிளப்புகளைக் காப்பாற்ற அரசு உத்தரவாதத்தோடு 22.45 கோடி யூரோ கடனை லீக்கே வாங்கியது. ஒருவர் வாங்கி எல்லோருக்கும் பிரித்த கடன், எல்லோருடைய எதிர்கால டிவி பணத்திலிருந்தும் கழிய வேண்டியது.

அந்த எதிர்கால டிவி பணமே பிறகு காணாமல் போனது. 2020-24 காலத்துக்கு வருடத்துக்கு சுமார் 80 கோடி யூரோ தருவதாக மீடியாப்ரோ நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தது. இதுவரை வராத பெரும் தொகை என்பதால் பல கிளப்புகள் சம்பள ஒப்பந்தங்களையே அதை நம்பிப் போட்டன. 2020 அக்டோபரில் 17.2 கோடி யூரோ தவணை வரவில்லை. டிசம்பரில் ஒப்பந்தமே கலைந்தது. 2021 கோடையில் அமேசான் பெரும்பாலான ஆட்டங்களை வருடத்துக்கு 25 கோடி யூரோவுக்கு வாங்கியது. போர்தோ (Bordeaux) கிளப்பின் அமெரிக்க உரிமையாளர்கள் 2021 ஏப்ரலில் பெருந்தொற்றையும் மீடியாப்ரோ விலகலையும் காரணம் காட்டிக் கைகழுவினார்கள். புது உரிமையாளர் வந்தும் கிளப் தேறவில்லை. 2024இல் தொழில்முறைத் தகுதியையே இழந்து நான்காம் நிலைக்குப் போனது. பிரெஞ்சு லீக்கை ஆறு முறை வென்ற கிளப் அது. அந்த வீழ்ச்சியின் விதை கொரோனா மட்டும் அல்ல, வராத பணத்தை வந்ததாக எண்ணிச் செலவழித்ததும்தான்.

இங்கிலாந்தில் ஜூன் 17 அன்று தொடங்கி ஜூலை 26 அன்று முடித்தார்கள். தாமதத்துக்காகவும் காலி மைதானத்துக்காகவும் ஒளிபரப்பாளர்களுக்குச் சுமார் 33 கோடி பவுண்டு தள்ளுபடி கொடுக்க வேண்டி வந்தது என்று செய்தி வந்தது. சீனாவின் ஒளிபரப்பு நிறுவனமான பிபிடிவி பணம் தராமல் நிறுத்தியதால் அந்த ஒப்பந்தத்தை 2020 செப்டம்பரில் லீக் ரத்து செய்தது. வெளிநாட்டு ஒப்பந்தங்களில் மிகப் பெரியவற்றில் ஒன்று அது. அக்டோபரில் ஓர் ஆட்டத்துக்கு 14.95 பவுண்டு என்று கட்டணத் தொலைக்காட்சியை முயன்றார்கள். பல ஊர் ரசிகர்கள் அந்தப் பணத்தை உள்ளூர் உணவு வங்கிகளுக்குக் கொடுத்துவிட்டு ஆட்டத்தைப் புறக்கணித்தார்கள். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

விளம்பரதாரர் பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பெரிய ஒப்பந்தங்கள் பல வருடங்களுக்குக் கையெழுத்தானவை, ஆட்டம் ஒளிபரப்பாகும் வரை பெரும்பாலும் நிற்கும். விழுந்தது கடை விற்பனை, மைதானச் சுற்றுலா, ஆசியச் சுற்றுப்பயணம் ஆகியவை.

இப்போது செலவுப் பக்கம். இங்கேதான் கால்பந்து மற்றத் தொழில்களிலிருந்து முழுக்க வேறுபடுகிறது.

ஓர் உணவகம் மூடினால் வாங்கும் சரக்கு குறையும், ஆட்களை நிறுத்தி வைப்பார்கள். கால்பந்து கிளப்பின் மிகப் பெரிய செலவு வீரர் சம்பளம். அது மூன்று, நான்கு, ஐந்து வருட ஒப்பந்தம். ஆட்டம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் கொடுக்க வேண்டும். தணிக்கை நிறுவனமான டெலாய்ட்டின் கணக்குப்படி 2019-20இல் பிரீமியர் லீக் கிளப்புகளின் மொத்த வருமானம் சுமார் 13 சதவீதம் சரிந்து 450 கோடி பவுண்டானது; சம்பளம் 330 கோடியாக ஏறியது. வருமானத்தில் சம்பளத்தின் பங்கு 61இலிருந்து 73 சதவீதம். இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப்பில் பெருந்தொற்று வருவதற்கு முன்பே, 2018-19இல், அது 107 சதவீதம். நூறு பவுண்டு வந்தால் நூற்று ஏழு பவுண்டு சம்பளமாகப் போகிறது. அந்த ஓட்டையை மாதாமாதம் உரிமையாளர் தன் பையிலிருந்து அடைப்பார். ஆக, உரிமையாளரின் சொந்தத் தொழில் அடிவாங்கினாலோ, மனம் மாறினாலோ, கிளப் சில வாரங்களில் தரைதட்டும்.

சம்பளத்தைக் குறைப்பதற்கும் தள்ளிவைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை. குறைப்பு என்றால் அந்தச் செலவே இல்லாமல் போகிறது. நட்டம் குறையும், ரொக்கமும் மிஞ்சும். தள்ளிவைப்பு என்றால் ரொக்கம் இப்போதைக்கு மிஞ்சும், ஆனால் செலவு இந்த வருடக் கணக்கிலேயே ஏறும், பாக்கி அடுத்த வருடத்தில் வந்து நிற்கும். சௌத்தாம்ப்டன் வீரர்கள் 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை தள்ளிவைக்க ஒப்புக்கொண்டார்கள். ஆர்செனல் வீரர்கள் 12.5 சதவீதக் குறைப்புக்குச் சம்மதித்தார்கள். லீக் முழுக்க 30 சதவீதம் என்ற யோசனை வந்தபோது, அதனால் அரசுக்கு 20 கோடி பவுண்டுக்கு மேல் வரி இழப்பு வரும், மருத்துவமனைகளுக்குப் போக வேண்டிய பணம் அது என்று வீரர் சங்கம் எதிர்த்தது. அந்த வாதத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். குறைத்த சம்பளம் யார் பையில் நிற்கும் என்ற கேள்விக்குக் கிளப்புகள் தெளிவாகப் பதில் சொல்லவில்லை.

அதே நாட்களில் லிவர்பூலும் டோட்டன்ஹாமும் விளையாடாத ஊழியர்களை அரசின் சம்பள உதவித் திட்டத்தில் சேர்ப்பதாக அறிவித்தன. சம்பளத்தில் 80 சதவீதம், மாதம் அதிகபட்சம் 2,500 பவுண்டு வரை அரசு தரும் திட்டம் அது. ரசிகர்கள் கொதித்ததும் லிவர்பூல் இரண்டே நாளில் பின்வாங்கியது, டோட்டன்ஹாம் ஏப்ரல் 13 அன்று. அந்த உதவி உண்மையில் யாருக்குத் தேவைப்பட்டது என்றால் நான்காம் நிலை கிளப்புகளில் டிக்கெட் கிழிப்பவர், புல்தரை பார்ப்பவர், சமையலறையில் நிற்பவர் ஆகியோருக்கு. அவர்கள் வேலை ஆட்டம் நடந்தால்தான் உண்டு.

தள்ளிவைப்பு எவ்வளவு சிக்கலில் முடியும் என்பதற்கு இத்தாலியின் யுவென்டஸ் கிளப் உதாரணம். 2020 மார்ச் 28 அன்று, வீரர்களும் பயிற்சியாளரும் நான்கு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்ததாகவும், அந்த நிதியாண்டுக் கணக்கில் 9 கோடி யூரோ மிச்சம் என்றும் கிளப் அறிவித்தது. பெரும்பகுதியைப் பிறகு கொடுப்பதாகத் தனி ஒப்பந்தங்கள் இருந்தன என்று அரசு வழக்கறிஞர்கள் குற்றம் சாட்டினார்கள். இந்தச் சம்பள விவகாரத்தில் 2023 மே மாதம் கிளப் சமரசமாக 7 லட்சத்து 18 ஆயிரம் யூரோ அபராதத்தை ஏற்றது. வீரர் பரிமாற்ற லாபம் குறித்த தனி வழக்கில் லீக் பட்டியலில் 10 புள்ளிகள் பறிபோயின.

அந்தப் பரிமாற்ற லாபம் என்ன என்று விளக்கினால்தான் அந்தக் காலத்து விசித்திர பேரங்கள் புரியும். ஒரு கிளப் ஒரு வீரரை 3 கோடிக்கு வாங்கி ஆறு வருட ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலையை ஆறால் வகுத்து வருடத்துக்கு 50 லட்சம் செலவாக எழுதுவார்கள். இரண்டு வருடம் கழித்துப் புத்தகத்தில் அவர் மதிப்பு 2 கோடி. இப்போது அவரை 7 கோடிக்கு விற்றால் 5 கோடி லாபம், முழுவதும் இந்த வருடத்திலேயே. அவரை வாங்கிய அதே கிளப்பிடமிருந்து வேறொரு வீரரை 6 கோடிக்கு நான்கு வருட ஒப்பந்தத்தில் வாங்கினால் இந்த வருடச் செலவு 1.5 கோடிதான், அதுவும் நிதியாண்டின் கடைசி நாளில் வாங்கினால் கிட்டத்தட்ட எதுவுமில்லை. கைமாறிய ரொக்கம் 1 கோடி. கணக்கில் தோன்றிய லாபம் 5 கோடி. ஆனால் அடுத்த நான்கு வருடமும் அந்த 1.5 கோடி வந்துகொண்டே இருக்கும்.

இதை மனதில் வைத்து ஒரு தேதியைப் பாருங்கள். பார்சலோனாவின் ஆர்தர் 7.2 கோடி யூரோவுக்கு யுவென்டஸுக்கும், யுவென்டஸின் பியானிச் 6 கோடிக்கு பார்சலோனாவுக்கும் போன செய்தி வெளியானது 2020 ஜூன் 29. இரண்டு கிளப்புகளின் நிதியாண்டும் முடிவது ஜூன் 30.

சந்தையில் பணம் இல்லாதபோதுதான் இப்படிப் பரிமாற்றம் பெருகும். வீரர் விலை பெரும்பாலும் மூன்று நான்கு தவணைகளில் கொடுபடும். ஆகவே கிளப்புகள் ஒன்றுக்கொன்று கடன்காரர்கள். ஒருவர் தவணை தவறினால் அவரிடம் பணம் எதிர்பார்த்திருந்தவரும் தவறுவார். வீரர் விற்றுப் பிழைக்கும் நடுத்தரக் கிளப்புகளுக்கு இது கேட் வசூல் இழப்பைவிடப் பெரிய அடி. 2020 ஜனவரியில் 23 கோடி பவுண்டு செலவழித்த பிரீமியர் லீக் கிளப்புகள் 2021 ஜனவரியில் 7 கோடிதான் செலவழித்தன.

பார்சலோனாவில் இந்த எல்லா நோய்களும் ஒரே உடம்பில் வந்தன. 2019-20க்கு நூறு கோடி யூரோவைத் தாண்டிய வருமானத்தை எதிர்பார்த்து பட்ஜெட் போட்டிருந்தார்கள், வந்தது 85.5 கோடி. அடுத்த சீசனில் 63.1 கோடி, நட்டம் 48.1 கோடி. ஸ்பெயினின் கேம்ப் நௌ மைதானமும் அதன் அருங்காட்சியகமும் சுற்றுலாப் பயணிகளை நம்பியவை. நகரத்துக்குப் பயணிகள் வராதபோது அந்த வருமானம் அடியோடு நின்றது. சம்பளமோ வருமானத்தையே தாண்டிப் போனது. 2021 ஆகஸ்டில் தலைவர் லாபோர்ட்டா சொன்ன விகிதம் 103 சதவீதம்.

ஸ்பெயினின் முதல்நிலை லீக்கான லா லிகாவில் ஒவ்வொரு கிளப்பும் அணிக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று லீக்கே முன்கூட்டி வரம்பு போடும். வருமானத்திலிருந்து விளையாட்டு சாராத செலவையும் கடன் தவணையையும் கழித்தால் மிஞ்சுவதே வரம்பு. வருமானம் சரிந்து கடன் ஏறினால் வரம்பு இரண்டு பக்கமும் இறுகும். பார்சலோனாவின் வரம்பு 34.7 கோடியிலிருந்து 2021-22இல் 9.79 கோடி யூரோவுக்கு இறங்கியது. மெஸ்ஸி பாதிச் சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டும் அவரைப் பதிவு செய்ய முடியாமல் போனது இதனால்தான். மிச்சப்படுத்தும் ஒவ்வொரு நான்கு யூரோவுக்கும் ஒரு யூரோதான் புதிதாகச் செலவழிக்கலாம் என்பது அப்போதைய விதி. மெஸ்ஸி இலவசமாக ஆடினாலும் அந்தக் கணக்கு நேராகியிருக்காது.

கீழ்நிலை லீக்குகளுக்கு வருவோம். அங்கே டிவி பணம் சொற்பம், கேட் வசூலே உயிர். காலி மைதானத்தில் ஆடுவது அவர்களுக்கு லாபமில்லை. பரிசோதனை, பயணம், மின்விளக்கு எல்லாம் செலவு, வரவு பூஜ்யம். ஆகவேதான் இங்கிலாந்தின் மூன்றாம், நான்காம் நிலை லீக்குகள் 2020 ஜூன் 9 அன்று சீசனைப் பாதியில் முடித்து, ஓர் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்ற சராசரியில் பட்டியலைத் தீர்மானித்தன. பிரீமியர் லீக் ஏப்ரலில் கீழ்நிலை கிளப்புகளுக்கு 12.5 கோடி பவுண்டைக் கொடுத்தது. அது உதவி இல்லை, பிறகு வர வேண்டியதன் முன்பணம். உண்மையான உதவி ஒப்பந்தம் டிசம்பரில்தான் வந்தது: மூன்றாம், நான்காம் நிலைகளுக்கு 5 கோடி, சாம்பியன்ஷிப்புக்கு 20 கோடி வரை கடன். ஒன்பது மாதம் காலி மைதானத்தோடு போராடிய பிறகு. ஆகஸ்டில் மூன்றாம் நிலைக்கு 25 லட்சம், நான்காம் நிலைக்கு 15 லட்சம் பவுண்டு என்று சம்பள உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். வீரர் சங்கத்தோடு முறையாகப் பேசாமல் கொண்டுவந்தது செல்லாது என்று 2021 பிப்ரவரியில் நடுவர் மன்றம் தள்ளியது.

விகன் கதை சாம்பியன்ஷிப்பின் இயல்பைக் காட்டுகிறது. ஹாங்காங் உரிமையாளர் கை மாறி சில வாரங்களே ஆகியிருந்தன. புதியவர் பணம் போட மறுத்தார். நிர்வாகிகள் கைக்குப் போனால் 12 புள்ளிகள் குறைப்பு என்பது விதி. ஜூலை 14 அன்று ஹல் சிட்டியை 8-0 என்று வென்ற அணி, களத்தில் 59 புள்ளிகள் எடுத்தும் 47ஆகக் கழிக்கப்பட்டு மூன்றாம் நிலைக்கு இறங்கியது. ஜெர்மனியில் அதே கோடையில் கைசர்ஸ்லவுட்டர்ன் திவால் நடைமுறைக்குள் போனபோது வழக்கமான 9 புள்ளிக் குறைப்பை அந்த நாட்டுச் சங்கம் பெருந்தொற்றை முன்னிட்டு நிறுத்தி வைத்திருந்தது. கிளப் கடனைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. அதே நோய்க்கு இரண்டு நாட்டில் இரண்டு மருந்து. ஜெர்மன் அணுகுமுறையே மனிதத்தன்மை உள்ளது என்பது என் கருத்து.

அந்த வருடங்களின் கணக்கறிக்கைகளைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020 ஜூலையில் நடந்த ஆட்டங்களின் டிவி வருமானம், ஜூன் 30 அன்று கணக்கு முடிக்கும் கிளப்புக்கு அடுத்த வருடத்தில் போய்ச் சேரும். மே 31 அன்று முடிக்கும் கிளப்புக்கு ஜூன் ஆட்டங்களும் சேர்ந்து போகும். சிலர் நிதியாண்டையே ஜூலை 31 வரை நீட்டி 13 மாதக் கணக்கு போட்டார்கள். ஆகவே 2019-20 உள்ளதைவிட மோசமாகவும், 2020-21 உள்ளதைவிட நன்றாகவும் தெரியும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிப் பாருங்கள். ஒரு கிளப் எவ்வளவு நட்டம் வரை காட்டலாம் என்ற வரம்பைச் சோதிக்க யூஃபாவும் பிரீமியர் லீக்கும் அந்த இரண்டு வருடங்களை அப்படித்தான் ஒன்றாகச் சேர்த்தன. கொரோனாவால் வந்த நட்டத்தைத் தனியாகக் கழித்துக்கொள்ளவும் அனுமதித்தன. எவர்ட்டன் குறைந்தது 17 கோடி பவுண்டு கொரோனா நட்டம் என்று எழுதியது. ஆனாலும் 2021-22 வரையிலான கணக்கில் 10.5 கோடி வரம்பை 1.95 கோடி தாண்டியதாக 2023 நவம்பரில் 10 புள்ளிகள் இழந்தது. மேல்முறையீட்டில் அது 6 ஆனது.

கடைசியாக இன்டர் மிலான். 2021 மே மாதம் பதினொரு வருடத்துக்குப் பிறகு இத்தாலியப் பட்டம் வென்ற கிளப், அந்த நிதியாண்டை 24.56 கோடி யூரோ நட்டத்தோடு முடித்தது. இத்தாலியில் அதுவரை எந்தக் கிளப்பும் காணாத நட்டம். சீன உரிமையாளர் சுனிங் அதே மே மாதம் ஓக்ட்ரீ நிறுவனத்திடம் 27.5 கோடி யூரோ கடன் வாங்கியது. மூன்று வருடத் தவணை, வட்டி 12 சதவீதம், பிணை கிளப்பின் பங்குகள். பட்டம் வென்ற பயிற்சியாளர் கொன்டே அதே மாதம் விலகினார். ஹகிமியும் லுகாகுவும் கோடையில் விற்கப்பட்டார்கள். 2024 ஏப்ரலில் இன்டர் இருபதாவது பட்டத்தை வென்றது. ஒரே மாதத்தில், மே 22 அன்று, வட்டியோடு ஏறக்குறைய 39.5 கோடி ஆகியிருந்த கடனைக் கட்ட முடியாமல் சுனிங் கிளப்பை ஓக்ட்ரீயிடம் இழந்தது.